முள்ளங்கிப் பிரசாதம்: ஜப்பான் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன் நான் எழுதிய ஜப்பான் பயணக் கட்டுரைக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக நாலு வரி: ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். போன நவம்பரில் மனைவியுடன் பதினைந்து நாள் டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, கோயாசான், ஹிரோஷிமா என்று சுற்றி வந்தேன். டிக்கெட், ஓட்டல் எல்லாம் மகள் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். நான் மீன் சாப்பிடுவேன். மனைவி முட்டைகூடத் தொடமாட்டாள். வந்த கேள்விகளில் பாதி அவள் சாப்பாட்டைப் பற்றியது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

நான் சுத்த சைவம். ஜப்பான் போனால் பட்டினிதான் என்று தங்கை பயமுறுத்துகிறாள். உங்கள் மனைவி என்னதான் சாப்பிட்டார்?
(வாசகி, கும்பகோணம்)

உங்கள் தங்கை சொல்வதில் பாதி உண்மை. முதல் நாள் மதியம் டோக்கியோவில் ஒரு சின்ன சோபாக் கடைக்குப் போனோம். சோபா என்பது பக்வீட் மாவில் செய்யும் நூடுல்ஸ். இறைச்சி இல்லையே என்று கேட்டோம், இல்லை என்று தலையாட்டினார்கள். கிண்ணம் வந்தது. மேலே கீரை, வெங்காயத்தாள், பொரித்த டோஃபு என்ற சோயாப் பனீர். பார்க்க வெகு சாதுவாக இருந்தது. என் மனைவி குனிந்து ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "கருவாடு" என்றாள்.

அவள் மூக்கு தப்பாது. அந்த ஊர்ச் சாறுகளுக்கெல்லாம் அடிப்படை தாஷி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை காயவைத்து, அதை இழைப்புளியில் சீவுவது போலச் சீவி வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலும் இலங்கையிலும் மாசி என்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். மிசோ சூப், உதோன், காய்கறிக் கூட்டு, சோபா தொட்டுக்கொள்ளும் சாறு, எல்லாவற்றிலும் இது இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் வீட்டில் உப்பை யாரும் தனியாகக் கணக்குச் சொல்வதில்லை அல்லவா, தாஷி அவர்களுக்கு அப்படி.

அதனால் "வெஜிடேரியன்" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு மீனைக் கொண்டுவந்து வைத்தவர்களும் உண்டு. "இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் ஆகாது; கொம்பு தாஷி பரவாயில்லை" என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொம்பு என்பது கடற்பாசி. அந்த அட்டையை நீட்டினால் சமையற்காரர் உள்ளே போய் நிஜமாகவே யோசிப்பார். முடியாவிட்டால் வெளியே வந்து குனிந்து மன்னிப்புக் கேட்பார். அதற்கு வருத்தப்படாமல் அடுத்த கடைக்கு நடக்க வேண்டும்.

அப்புறம், எங்களைக் காப்பாற்றியது தயிர்சாதம். இருபத்துநாலு மணி நேரக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே சமைத்த சாதம் டப்பாவில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். ஜப்பான் அரிசி கொஞ்சம் ஒட்டும். குழைந்த சாதம் என்று நினைத்துக்கொண்டால் தயிருக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. தயிருக்கு மெய்ஜி பல்கேரியா என்ற பெயரில் சர்க்கரை போடாத கெட்டித் தயிர், பெரிய டப்பாவாக வாங்குங்கள். ஊறுகாய்க்கு உமெபோஷி: ஆப்ரிகாட் வகைக் காயை உப்பில் ஊறவைத்துக் காயவைத்தது. வாயில் போட்டதும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். நார்த்தங்காய் ஊறுகாய் தின்று வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். அதிலும் மீன் சேர்த்த ஒரு வகை உண்டு, பொட்டலத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டோக்கியோவில் இட்லி, தோசை கிடைக்கும். நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். போன ஊரில் போய் இட்லி தேடக் கூடாது என்று என் மனைவி முதல் நாள் பிரசங்கம் செய்தாள். நாலாம் நாள் அவளே வழி கேட்டாள்.

ஆனால் சைவக்காரர்கள் தவறவிடக் கூடாத இடம் கோயாசான். ஒசாகாவிலிருந்து ரயிலில் மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து கேபிள் காரில் ஏற வேண்டும். சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஒரு கோயில் ஊர். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் பயணிகள் தங்கலாம். அங்கே பரிமாறுவது ஷோஜின் ரியோரி, அதாவது துறவிகளின் சமையல். இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. எங்கள் அறைக்குச் சிவப்பு அரக்குத் தட்டுகளில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக வந்தது: எள்ளை அரைத்துக் கிளறி அல்வா போல் உறையவைத்த ஒன்று, உறையவைத்துக் காயவைத்த டோஃபுவைக் கொம்புச் சாறில் ஊறவைத்தது, காய்கறி பஜ்ஜி, ஊறுகாய், சாதம். குளிர்காலத்தில் யாரோ டோஃபுவை ராத்திரி வெளியே மறந்து வைத்துவிட, அது உறைந்து போனதுதான் அந்தக் காய்ந்த டோஃபுவின் பிறப்பு என்று ஒரு கதை. நம்புகிறேன். நம் வீட்டுப் பலகாரங்களில் பாதி இப்படித்தான் பிறந்திருக்கும். இவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அந்த மலையை 816இல் ஸ்தாபித்தவர் கூக்காய் என்ற துறவி. 835இல் அவர் காலமானார் என்று வரலாறு எழுதும். அவர் இன்னும் தியானத்தில்தான் அமர்ந்திருக்கிறார் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் தினம் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் துறவிகள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஜப்பானிய வழிகாட்டி இதை விளக்கப் பாடுபட்டார். "ஜீவசமாதி" என்று என் மனைவி என்னிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சமாதிக்குப் போகும் வழி முழுக்க வானுயர்ந்த தேவதாரு மரங்கள், நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். அதில் ஒன்று கரையான்களுக்காக. கரையான் மருந்தடிக்கும் தொழில்காரர்கள், கொன்ற பாவத்துக்கு வைத்த நினைவுக்கல்.

ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு எழுதுகிறேன். எல்லோரும் புல்லட் ரயில் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். உங்களுக்கு, ஒரு ரயில்வேக்காரராக, எது கண்ணில் பட்டது?
(வாசகர், விழுப்புரம்)

வேகத்தை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவீர்கள். உள்ளே டம்ளரில் தண்ணீர் ஆடுவதில்லை. ஜன்னல் வழியே பார்த்தால்தான் தெரியும். என் கண் போனது ஆட்களின் கைமேல்தான். ஓட்டுநர் சிக்னலைப் பார்த்ததும் வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்கிறார். பிளாட்பாரத்தில் கார்டு கதவு மூடியதைச் சுட்டிச் சொல்கிறார். பக்கத்தில் யாருமே இல்லாதபோதும் சொல்கிறார். நம் லோகோ பைலட்டும் உதவியாளரும் கை தூக்கி சிக்னலைச் சொல்லிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அது இருவருக்கு இடையில் நடப்பது. இங்கே ஒற்றை ஆள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். கண் பார்த்ததைக் கையும் வாயும் காதும் மறுபடி சரிபார்க்கின்றன, அவ்வளவுதான் தத்துவம். ஊருக்கு வந்தபின் நான் கேஸ் வால்வை மூடிவிட்டு விரலை நீட்டிச் சொல்லப்போய் வீட்டில் சிரிப்பாகிவிட்டது.

1964 அக்டோபர் 1 அன்று ஓட ஆரம்பித்த ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் இதுவரை தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணி இறந்ததில்லை. 16 பெட்டி, 1,323 இருக்கை கொண்ட ரயில்கள், கூட்ட நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒன்றாகக் கிளம்புகின்றன. டோக்கியோ ஸ்டேஷனில் வந்த வண்டியைக் கூட்டித் துடைத்து இருக்கைகளைத் திருப்பி வைக்கத் துப்புரவுக் குழுவுக்குக் கிடைப்பது 7 நிமிடம். நான் பிளாட்பாரத்தில் நின்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். முடித்துவிட்டு வரிசையாக நின்று பயணிகளுக்குக் குனிந்து வணங்கினார்கள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது, பதிலுக்கு நானும் குனிந்தேன்.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கு மட்டும்தான் ருசிக்கும். ஷின்கான்சென் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர் உள்ள பாதையில் ஓடினாலும் டோக்கியோவைச் சுமக்கும் மற்ற ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில்கள் ஓடுவது 1,067 மில்லிமீட்டர் பாதையில். நாம் ஒழித்துக்கட்டிய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் கூடுதல்! நகரைச் சுற்றும் யமனோதே வட்டப்பாதை 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன். முப்பத்தைந்து கிலோமீட்டரை எட்டாத அந்த வட்டத்தை ஒரு மணி நேரம் ஒரே சீட்டில் உட்கார்ந்து முழுதாகச் சுற்றினேன். மனைவி தூங்கிவிட்டாள். குறுகிய பாதை என்றால் பழைய பாதை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! அவர்களின் முதல் ரயில் ஓடியது 1872இல், டோக்கியோ ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு. ராயபுரத்திலிருந்து நம் ரயில் கிளம்பியது 1856இல். பதினாறு வருடம் மூத்தவர்கள் நாம். இதை ஒரு ஜப்பானிய ஸ்டேஷன் ஊழியரிடம் செல்போன் மொழிபெயர்ப்பில் சொன்னேன். தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

கியோட்டோ போனால் ரயில்வே மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1914இல் கட்டிய வட்டக் கொட்டகையில் நீராவி இன்ஜின்கள் அரைவட்டமாக நிற்கின்றன. கரிப்புகை வாசனை அடித்ததும் உங்களுக்கு விழுப்புரம் லோகோ ஷெட் ஞாபகம் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

எவ்வளவு செலவாகும்? மறைக்காமல் சொல்லுங்கள். ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா?
(வாசகர், சேலம்)

விமான டிக்கெட் நீங்கலாக எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரி 30,000 யென் ஆயிற்று. ஒரு யென் அறுபது பைசாவுக்குள் இருந்த நேரம். சாதாரண பிசினஸ் ஓட்டலில் இரட்டை அறை 10,000 முதல் 15,000 யென் வரை. அறை எங்கள் பழைய கேபின் அளவு. பெட்டியைத் திறந்தால் ஒருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும்.

குறிப்பிட்ட நாட்களுக்கு ஜே.ஆர். ரயில்களில் இஷ்டம்போல் ஏறி இறங்கும் அந்தப் பாஸ் வேண்டாம். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தபோது லாபம். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமாவுக்குத் தனி டிக்கெட்டில் போய்த் திரும்பினாலே சுமார் 40,000 யென்தான் ஆகும். நகரத்துக்குள் சுற்ற, முன்பணம் போட்டுத் தட்டும் சுய்கா மாதிரி ஒரு கார்டு போதும், கடைகளிலும் அதையே தட்டலாம். பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறாதீர்கள். ஓட்டல் வரவேற்பிலேயே கூரியரில் போட்டால் மறுநாள் அடுத்த ஊர் ஓட்டலில் காத்திருக்கும். எங்கள் வயதுக்கு அது மருந்து மாத்திரையைவிட அவசியம்.

ஃபுஜி மலை ரயிலிலிருந்து தெரியுமா?
(வாசகி, ஈரோடு)

டோக்கியோவிலிருந்து கிளம்பினால் வலப்பக்கம், 'இ' எழுத்து இருக்கை. முக்கால் மணி நேரத்தில் ஷின்-ஃபுஜி ஸ்டேஷன் பக்கம் வரும். திரும்பும்போது இடப்பக்கம், ஆனால் அதே 'இ'தான். போகும்போது எங்களுக்கு மேகம்தான் தெரிந்தது. வரும்போது பெட்டியில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். 3,776 மீட்டர், தனியாக, துணைக்கு ஒரு குன்றுகூட இல்லாமல் நிற்கிறது.

தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்கிறார்களே, பேச்சில் அப்படி ஏதாவது தென்பட்டதா?
(கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்)

உறவு என்று வாதிட்டவர் சுசுமு ஓனோ (1919–2008), ஜப்பானிய மொழியறிஞர். நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டார். ஜனவரி நடுவில் அவர்கள் கொண்டாடும் சின்னப் புத்தாண்டை நம் பொங்கலோடு வைத்துப் பார்த்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டர், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை.

ஆனால் வாக்கியம் ஓடும் தண்டவாளம் ஒன்றுதான். எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். கேள்விக்கு நாம் கடைசியில் 'ஆ' போடுகிறோம், அவர்கள் 'கா' போடுகிறார்கள். 'இகிமாஸ்' என்றால் போகிறேன், 'இகிமாஸ் கா' என்றால் போகிறீர்களா. இன்னும் ஆழமாக ஒன்று: "சாப்பிட்டுப் பார்" என்கிறோமே, சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கவா சொல்கிறோம்? அவர்களும் 'தபெதெ மிரு' என்கிறார்கள். 'மிரு' என்றால் பார்ப்பது. படித்துப் பார் என்பதற்கு 'யோந்தெ மிரு'. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிப்பவர்கள் இதை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள், நமக்குச் சிரித்துக்கொண்டே புரிகிறது. ஆனால் கொரிய மொழியிலும் இதே சங்கதி உண்டு, அதனால் இதை வைத்துக்கொண்டு ரத்த உறவு பேச முடியாது.

உங்களுக்கு என்று ஒன்று வைத்திருக்கிறேன். 'கொரே' என்றால் இது. 'அரே' என்றால் அது. 'தொரே' எது. நடுவில் 'சொரே' என்று ஒன்று, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட. நாங்கள் 'உது'வைத் தொலைத்துப் பல காலமாகிறது. உங்கள் ஊரில்தான் அது உயிரோடு இருக்கிறது. நீங்கள் ஜப்பானியம் படித்தால் சென்னைப் பையன்களைவிட ஒரு படி முன்னால் தொடங்குவீர்கள்.

கியோட்டோவில் நாங்கள் தங்கியது ஒரு பாட்டியம்மாவின் சின்ன விடுதி. என்னைவிட மூத்தவர். தினமும் காலையில் நாங்கள் செருப்பு மாட்டும்போது வாசலில் மண்டியிட்டு 'இத்தெராஷ்ஷாய்' என்பார். போய் வாருங்கள் என்று அர்த்தம். கிளம்புகிறவர்கள் 'இத்தெகிமாஸ்' என்று சொல்ல வேண்டும்: போய்விட்டு வருகிறேன். "போகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்று என் அம்மா அடித்துக்கொள்வாள். இந்த ஒரு சொல்லை மட்டும் என் மனைவி முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு உடம்பில் துணியில்லாமல் இறங்க வேண்டுமாமே? எங்களால் முடியுமா?
(வாசகர், மதுரை)

முடியும். ஆண்கள் வேறு, பெண்கள் வேறு என்று வாசலில் தனித்தனித் திரை தொங்கும். முதலில் ஒரு குட்டி மணைமேல் உட்கார்ந்து, வாளியும் சோப்பும் வைத்துக்கொண்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். அதன்பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சும்மா அமிழ்ந்திருக்க. கைத்துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். ஹகோனேயில் நான் கதவருகே ஐந்து நிமிடம் தயங்கி நின்றேன். உள்ளே போனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. குற்றாலத்தில்கூட இதைவிட அதிகம் வேடிக்கை பார்ப்பார்கள். மனைவி மறுத்துவிட்டாள். பல விடுதிகளில் குடும்பத்துக்கென்று தாழ்ப்பாள் போடும் தனித் தொட்டி உண்டு, அதை அவளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விடமாட்டார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாராவில் பெரிய புத்தருக்கும் மதுரைக்கும் சம்பந்தம் என்று ஒரு வரி எழுதினீர்கள். விளக்க முடியுமா?
(ஆசிரியை, மதுரை)

நாராவின் தோதாய்ஜி கோயிலில் உள்ள வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752இல் அவருக்குக் கண் திறந்தார்கள். சிலைக்குக் கண் திறப்பது என்றால் நமக்கு விளக்கமே வேண்டாம், ஸ்தபதி செய்யும் அதே சடங்குதான். அதைச் செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி, 736இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தவர். அவர் தென்னாட்டவர் என்றும் மதுரைக்காரர் என்றும் ஒரு கருத்து உண்டு. மதுரை என்பதை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். அவர் கண்ணெழுதிய தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கீழே கூடியிருந்தவர்கள் அதன் நுனிகளைப் பிடித்துக்கொண்டார்களாம். கும்பாபிஷேகத்தில் தர்ப்பைக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்தது. அன்று நான் அந்த மண்டபத்தை விட்டு வெளியே வர நேரமாயிற்று. வெளியே மான்கள் இவளை மொய்த்துவிட்டன. தலையைக் குனிந்து வணங்கி பிஸ்கட் கேட்கின்றன, கொடுக்கத் தாமதித்தால் புடவை முந்தானையைக் கடிக்கின்றன.

உல்லாசப் பயணத்தில் ஹிரோஷிமா எதற்கு? மனம் கனத்துப் போகாதா?
(வாசகர், கோவை)

கனத்துத்தான் போயிற்று. நான் போனது டிராமைப் பார்க்க. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு விழுந்தது. மூன்றாவது நாள், எரிந்த ஊரின் ஒரு பகுதியில் டிராம் மறுபடி ஓடியது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் அந்த டிராம்களை ஓட்டியவர்களில், டிக்கெட் கொடுத்தவர்களில், பள்ளி வயதுப் பெண்கள் பலர். குண்டுக்குத் தப்பிய வண்டிகளில் 651, 652 என்ற எண்ணுள்ளவை இன்னும் இருக்கின்றன. ஒரு ரயில்வேக்காரனாக அந்த மூன்று நாளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மின்கம்பியை யார் இழுத்துக் கட்டினார்கள், வீட்டில் யார் மிச்சம் என்று தெரியாத நிலையில் எப்படி டியூட்டிக்கு வந்தார்கள் என்று. மியூசியத்தில் மனைவி பாதியில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அன்று ராத்திரி இருவரும் அதிகம் பேசவில்லை.

ஒரு டிராவல்ஸ்காரர் 7 நாளில் 6 ஊர் என்கிறார். சேரலாமா?
(வாசகி, திருச்சி)

வேண்டாம். ஆறு ஓட்டல் வரவேற்பறைகளைப் பார்ப்பீர்கள்.

எந்த மாதம் போகலாம்?
(வாசகர், புதுச்சேரி)

செர்ரிப்பூ டோக்கியோ, கியோட்டோவில் பெரும்பாலும் மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் வாரமும். பூ ஒரு வாரம், கூட்டம் ஒரு மாதம். நான் நவம்பர் பின்பாதியைத்தான் சொல்வேன், கியோட்டோவில் மேப்பிள் இலைகள் சிவக்கும் நேரம். ஜூனில் மழை, ஆகஸ்டில் நம் ஊர் வெயிலுக்கு மேல் புழுக்கம். விசா எடுத்துவிட்டு மாதத்தைத் தேடாதீர்கள், மாதத்தைத் தீர்மானித்துவிட்டு விசாவுக்குப் போடுங்கள்.

ஜப்பானில் உங்களுக்குப் பிடிக்காதது எதுவுமே இல்லையா?
(வாசகர், நாகர்கோவில்)

குப்பைத்தொட்டி! தெருவில் ஒன்று கிடையாது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்தபின் பொது இடத் தொட்டிகளைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கோட்டை முழுக்கச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ரயிலுக்குள் அந்த மௌனம். நம் ஆட்களுக்கு மூச்சு முட்டும். ராத்திரி எட்டரைக்குச் சின்ன ஊர்களில் சாப்பாட்டுக்கடை மூடிவிடும். ஃபுஷிமி இனாரியில் ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரண வாயில்கள் அழகுதான், ஆனால் கீழ்ப்பகுதியில் திருப்பதி க்யூ. அரை மணி நேரம் மேலே ஏறினால்தான் மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த வாயில்களின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தேன். உபயதாரர் பெயரும் தேதியும். நம் கோயில் டியூப்லைட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கட்டுரையில் "பிள்ளையார் கோயிலில் முள்ளங்கிப் பிரசாதம் வாங்கினோம்" என்று ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். ஜப்பானில் பிள்ளையாரா? முள்ளங்கியா? அதை என்ன செய்தீர்கள்?
(வாசகி, காரைக்குடி)

பிள்ளையார்தான். பௌத்தத்தோடு சேர்ந்து நம் தெய்வங்கள் பலர் சீனா வழியாக அங்கே குடியேறியிருக்கிறார்கள். சரஸ்வதி பென்சாய்தென் ஆனாள், இன்னமும் கையில் வீணை மாதிரி ஒரு வாத்தியம். யமன் என்மா. இந்திரன் தாய்ஷாகுதென். பிள்ளையார் ஷோதென் அல்லது காங்கிதென். டோக்கியோவில் எல்லோரும் போகும் அசகுசா சென்சோஜி கோயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடையில், சுமிதா ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன மேட்டில் மட்சுசியாமா ஷோதென் கோயில் இருக்கிறது. சென்சோஜியில் நெருக்கித் தள்ளும் கூட்டம், இங்கே நாங்களும் நாலைந்து பேரும்தான். மூலவரைக் காட்டமாட்டார்கள், எப்போதும் திரைக்குப் பின்னால். யானைத்தலையோடு இருவர் தழுவி நிற்கும் உருவம் என்பது மரபு. கோயில் முழுக்க இரண்டு முள்ளங்கி பின்னிய சின்னமும் பணப்பையின் உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். கொழுக்கட்டை கிடையாது. அவருக்குப் படைப்பது வெள்ளை முள்ளங்கி, கோயிலிலேயே விற்கிறார்கள். படைத்த முள்ளங்கிகளை அப்புறம் பக்தர்களே எடுத்துப் போகலாம்.

இவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். முழங்கை நீளம், தொடைக் கனம். "சமைக்க அடுப்பு ஏது?" என்றேன். "பிரசாதம் வேண்டாமென்று சொல்வார்களா?" என்றாள். பெட்டிகளைக் கூரியரில் கியோட்டோவுக்கு அனுப்பியாகிவிட்டது. முள்ளங்கி மட்டும் துணிப்பையில், பழைய கைகாட்டி சிக்னல் போல வெளியே நீட்டிக்கொண்டு, எங்களோடு ஹகோனே மலையேறியது. ரோப்காரில் பள்ளிக்கூடப் பெண்கள் அதைப் பார்த்து வாய்பொத்திச் சிரித்தார்கள். கந்தகப் புகை அடிக்கும் ஓவாகுதானியில் கறுப்பு ஓட்டு முட்டை தின்றால் ஆயுசு ஏழு வருடம் கூடும் என்றார்கள். நான் தின்றுகொண்டிருந்தபோது அவள் முள்ளங்கியை மடியில் வைத்துக் காத்திருந்தாள். ஷின்கான்சென்னில் அதற்கு ஜன்னலோர இடம். பிரசாதத்தைக் குப்பையில் போட முடியாது. போடலாம் என்றாலும்தான் தொட்டி இல்லையே.

கியோட்டோ போனதும் விடுதிப் பாட்டியம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். எங்கிருந்து வந்தது என்று செல்போனில் தட்டிக் காட்டினேன். அவர் அதை நெற்றிக்கு நேரே உயர்த்திவிட்டு உள்ளே கொண்டுபோனார். மறுநாள் காலையில் எங்கள் தட்டில் மெல்லிய வட்டங்களாக வந்தது. உப்பும் ஒரு துண்டு கொம்பும் மட்டும் போட்டு ராத்திரி முழுக்கக் கல்வைத்து அமுக்கியது, மீன் இல்லை என்று அட்டையைச் சுட்டிக் காட்டினார். மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கோயாசான் போகும் ரயிலில் அதுதான் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள. உமெபோஷியைவிட இதுவே மேல் என்றாள் இவள்.